போர்மட் அடிப்பதற்கு முன்: கொம்பியூட்டர் காட்டும் பிழைகளை வாசித்துத் திருத்த ஒரு முழு வழிகாட்டி

போன மாரியில் ஒருநாள் காலை, கோப்பாயிலிருந்து ஒரு அக்கா ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் சிபியூவை வைத்து, மழைக்கு உரப்பையால் மூடிக்கட்டிக் கடைக்குக் கொண்டுவந்தார்.

"தம்பி, இதுக்குப் புதுசா விண்டோஸ் அடிச்சுத் தாங்கோ."

"ஏன் அக்கா, என்ன செய்யுது?"

"நீலமா ஒண்டு வந்து நிக்குது. நேற்று ரா கரண்ட் போய் வந்ததில இருந்து இப்பிடித்தான். போர்மட் அடிச்சால்தான் சரிவருமெண்டு பக்கத்து வீட்டுப் பெடியன் சொன்னவன்."

"அதில என்ன எழுதியிருந்தது?"

"அதை ஆர் தம்பி வாசிச்சது?"

மேசையில் வைத்து, வயர்களைக் கொழுவி ஓன் பண்ணினேன். நீலத்திரையின் அடியில் 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்' என்று இருந்தது. விண்டோஸ் எந்த டிஸ்கில் இருக்கிறதோ அந்த டிஸ்கை விண்டோஸாலேயே எட்ட முடியவில்லை என்பது அதன் பொருள். திரும்ப ஓன் பண்ணி, விண்டோஸுக்கு முன்பே எழும்பும் பயோஸ் என்ற அமைப்புப் பகுதிக்குள் போய்ப் பார்த்தேன். திகதி 2012 ஜனவரி 1 என்று காட்டியது. அத்தோடு விசயம் விளங்கிவிட்டது.

மதர்போட்டில் ஒரு நாணயம் அளவில் பற்றரி ஒன்று இருக்கும். சிஆர் 2032 என்று மேலே பொறித்திருக்கும், 3 வோல்ட். கொம்பியூட்டரின் மணிக்கூட்டையும் பயோஸ் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அது செத்துப்போனாலும் உடனே தெரியாது. பிளக் செருகியிருக்கும் வரை சுவர்க் கரண்டே மணிக்கூட்டை ஓட்டிக்கொண்டிருக்கும். ஒரு இரவு கரண்ட் போனால்தான் எல்லாம் மறந்துபோகும். அந்த மறதியில் பயோஸ் தொழிற்சாலையில் வந்த அமைப்புக்குத் திரும்பி, டிஸ்கோடு பேசும் முறையையும் மாற்றிவிட்டது. புதுப் பற்றரி போட்டு, திகதியைத் திருத்தி, சாட்டா என்ற பகுதியில் ஏஹெச்சிஐ என்பதைத் தெரிவு செய்து சேமித்தேன். விண்டோஸ் எழும்பிவிட்டது.

அந்த டிஸ்கில் பழைய கலியாணப் படங்கள் ஒரு போல்டர் நிறைய இருந்தன. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாண இடப்பெயர்வில் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது கைவிட்டுப் போன அல்பங்களுக்குப் பதிலாக, கனடாவில் இருக்கும் தமையன் தன்னிடமிருந்த படங்களை ஸ்கான் பண்ணி அனுப்பியவை. வேறெங்கும் பிரதி இல்லை. போர்மட் அடித்திருந்தால், அதாவது டிஸ்கை முழுதாக அழித்திருந்தால், அவை இரண்டாம் தடவையும் போயிருக்கும். இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்தப் போல்டர்தான்.

எங்கள் ஊரில் கொம்பியூட்டருக்கு என்ன வந்தாலும் போர்மட் என்பது முதல் மருந்தாகிவிட்டது. அது கடைசி மருந்தாக இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் விண்டோஸ் 10 அல்லது 11 என்பதால் அவற்றை வைத்தே சொல்கிறேன். கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் போங்கள். வெளியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கு அது.

1. வாசியுங்கள், படம் எடுங்கள்

பிழை வந்ததும் ஓகே பட்டனை அழுத்த வேண்டாம். போனை எடுத்துத் திரையை முழுதாக ஒரு படம் பிடியுங்கள். நீலத்திரையானால் 'ஸ்டொப் கோட்' என்ற வரியும், அதற்குக் கீழே 'வட் பெயில்ட்' என்று ஒரு பைல் பெயர் இருந்தால் அதுவும் தெளிவாக விழ வேண்டும். விண்டோஸ் 11இல் 2025இலிருந்து இந்தத் திரை கறுப்பாக வருகிறது. நிறம்தான் மாறியது, வரிகள் அதே வரிகள்.

திரை ஒரு கணம் வந்து உடனே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறதா? தேடும் பெட்டியில் 'அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று அடித்துத் திறந்து, 'ஸ்டார்டப் அண்ட் ரிக்கவரி' பகுதியில் 'ஓட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு முன்னுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும்.

படத்தை எடுத்துவிட்டு ஆறுதலாக யோசியுங்கள்: கடைசியாக ஒழுங்காக ஓடியது எப்போது? அதற்குப் பிறகு என்ன மாறியது? அப்டேட் வந்ததா, புது பிரிண்டர் பூட்டினீர்களா, கரண்ட் போய் வந்ததா, சிபியூவை வேறு அறைக்கு மாற்றினீர்களா? நினைவில்லை என்றால் விண்டோஸிடமே கேட்கலாம். தேடும் பெட்டியில் 'ரிலயபிலிட்டி' என்று அடித்தால் 'வியூ ரிலயபிலிட்டி ஹிஸ்டரி' என்று ஒன்று வரும். நாட்காட்டி போல ஒரு வரைபடம் தெரியும். எந்த நாளில் எந்த சொப்ட்வெயார் விழுந்தது என்று சிவப்புப் புள்ளடியோடும், எந்த அப்டேட் ஏறியது என்றும் காட்டும். விண்டோஸில் இதைவிட உபயோகமான, இதைவிட ஆட்கள் திறக்காத பகுதி வேறில்லை.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது சைரன் சத்தத்தோடு 'உங்கள் கொம்பியூட்டரில் வைரஸ், இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்' என்று வந்தால் அது பிழைச் செய்தி அல்ல, மோசடி. விண்டோஸ் ஒருநாளும் தொலைபேசி இலக்கம் கொடுத்து அழைக்கச் சொல்லாது. கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரை மூடிவிடுங்கள். அழைக்க வேண்டாம்.

2. திருத்துவதற்கு முன் காப்பாற்றுங்கள்

கொம்பியூட்டர் இடையிடையே என்றாலும் எழும்புகிறது என்றால், முதல் வேலை படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்குக்கோ பென் டிரைவுக்கோ பிரதி எடுப்பது. திருத்துவது அதன் பிறகு.

டிஸ்க் பழுதாகிறதா என்பதைக் கண்டுபிடிக்கக் காதும் ஒரு கருவி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறதென்றால் டக், டக், டக் என்று ஒரே சீராகத் தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் அப்போதே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப ஓன் பண்ணிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே தகட்டில் கீறல் விழலாம். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் சத்தமே இல்லாமல் போகும், ஒருநாள் பயோஸில் அதன் பெயரே இருக்காது.

சத்தம் இல்லையென்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச சொப்ட்வெயாரைப் போட்டுப் பாருங்கள். நீலத்தில் 'குட்' என்று வந்தால் நல்லது. மஞ்சளில் 'கோஷன்' என்று வந்தால் 'ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்', 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். முதலாவது, கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. இரண்டாவது, வாசிக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கும் இடங்கள். இன்றைக்கு 8, அடுத்த கிழமை 40 என்று ஏறிக்கொண்டு போனால் அந்த டிஸ்கை நம்பக் கூடாது. பிரதி எடுத்துவிட்டு மாற்றுங்கள். இப்படியான டிஸ்கில் பிழை திருத்தும் கட்டளைகளை ஓட்டவும் வேண்டாம். மணிக்கணக்காக முழு டிஸ்கையும் வாசிக்க வைத்தால் மிச்சமிருக்கும் உயிரும் அதில் போய்விடும்.

விண்டோஸ் எழும்பவே இல்லையென்றாலும் படங்கள் போய்விட்டன என்று பொருளில்லை. டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி வயரில் பூட்டி, இன்னொரு கொம்பியூட்டரில் கொழுவினால் பெரும்பாலும் போல்டர்கள் அப்படியே தெரியும். அல்லது விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச உபுண்டு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கொம்பியூட்டரை எழுப்பியும் பிரதி எடுக்கலாம்.

புது லப்டொப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11 உடன் வருபவற்றில் பலவற்றுக்கு, மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடும். பிட்லொக்கர் என்பார்கள். பயோஸில் ஏதாவது மாற்றினால் 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். நன்றாக ஓடும்போதே எடுத்துத் தாளில் எழுதி, அடையாள அட்டைப் பிரதிகளோடு அலுமாரியில் வையுங்கள். சாவி இல்லாமல் அந்த டிஸ்கை எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது.

3. கரண்ட்டைச் சந்தேகியுங்கள்

2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் என் மேசையில் டிஸ்க்குகள் வரிசையாகக் கிடந்தன. காரணம் எளிது. விண்டோஸ் ஏதோ ஒன்றை டிஸ்கில் எழுதிக்கொண்டே இருக்கும். அரைவாசியில் கரண்ட் நின்றால் அந்தப் பைல் அரைகுறையாக நிற்கும். போல்டர் ஒழுங்கைக் காப்பாற்ற விண்டோஸுக்கு வழி உண்டு. பைலின் உள்ளடக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

'ஈவென்ட் வியூவர்' திறந்து, 'விண்டோஸ் லொக்ஸ்' என்பதில் 'சிஸ்டம்' என்பதைப் பார்த்தால் 'கேர்னல் பவர், 41' என்று சிவப்பில் வரிகள் இருக்கலாம். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். முன்னைய தடவை ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. கரண்ட் போன நேரங்களோடு அது பொருந்தினால் விசயம் முடிந்தது. வீட்டில் மற்ற லைட்டுகள் எரிந்துகொண்டிருக்கையில் 41 வருகிறதென்றால் பவர் சப்ளை, சூடு, அல்லது பட்டன் வயர் என்று தேட வேண்டும்.

யூபிஎஸ் இருந்தும் கொம்பியூட்டர் அணைகிறதா? வீட்டில் வைக்கும் 650 விஏ யூபிஎஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி பற்றரி ஒன்று இருக்கும். எங்கள் வெக்கைக்கு இரண்டு மூன்று வருசத்தில் தளர்ந்துவிடும். வேலையைச் சேமித்துவிட்டு, சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடமாவது தாக்குப்பிடிக்காவிட்டால் பற்றரியை மட்டும் மாற்றினால் போதும், முழு யூபிஎஸ்ஸையும் எறிய வேண்டாம். லேசர் பிரிண்டரை அதில் கொழுவக் கூடாது. சூடாகும் நேரத்தில் அது இழுக்கும் கரண்ட்டை யூபிஎஸ் தாங்காது.

கேசிங்கைத் தொட்டால் விரலில் கூசுகிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். மூன்று சதுரத் துளை உள்ள பிளக் பேஸின் மேல் துளைக்குள் பேனை மூடியைக் குத்தி, இரண்டு கம்பி பிளக்கைச் செருகும் பழக்கம் எங்கள் வீடுகளில் நிறைய உண்டு. அதை விடுங்கள். எர்த் இல்லாத கொம்பியூட்டரில் யூஎஸ்பி சாமான்கள் காரணமில்லாமல் துண்டிக்கப்படுவதையும் பார்த்திருக்கிறேன். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த் போடுவது உங்கள் உயிருக்கும் நல்லது. ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கையும், ரவுட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் கழற்றிவிடுங்கள்.

4. திறந்து துடையுங்கள்

பட்டனை அழுத்தினால் காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை, பீப் பீப் என்று சத்தம். இந்த மூன்றும் சேர்ந்தால் பத்தில் பாதிக்கு மேல் ரேம் என்ற தற்காலிக நினைவகத் தகடுதான் காரணம் என்பது என் அனுபவம். குருநகர், பாசையூர், பருத்தித்துறைப் பக்கமிருந்து வரும் கொம்பியூட்டர்களில் கடற்காற்றின் உப்பு ரேமின் தங்க நிறப் பற்களில் மங்கலாகப் படிந்திருக்கும். உரும்பிராய், சுன்னாகம் பக்கமென்றால் சோளகக் காற்றில் பறந்த செம்மண், காற்றாடியின் இதழில் சாந்து பூசினமாதிரி ஒட்டியிருக்கும்.

பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடியும். பக்கத் தகட்டைத் திறந்து, வெறும் உலோகத்தை ஒருமுறை தொடுங்கள். ரேமின் இரு பக்கத்திலும் உள்ள கொக்கிகளை வெளியே தள்ளினால் அது மேலே எழும்பும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் தங்கப் பற்களை ஒரே பக்கமாக மெல்லத் தேயுங்கள். கறுப்பாகத் துகள் வரும். உலர்ந்த துணியால் துடைத்து, இரண்டு கொக்கியும் 'கிளிக்' என்று பூட்டும் வரை நேராக அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டால் திரை வருகிறது, எதைப் போட்டால் வரவில்லை என்பதிலேயே விடை இருக்கும்.

தூசியை பிரஷால் தட்டும்போது காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள். வக்யூம் கிளீனர் வேண்டாம், நிலைமின் ஆபத்து உண்டு. பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். உள்ளே பல்லி செத்துக் கிடந்தாலும் அது கடைக்காரரின் வேலை.

அரை மணித்தியாலம் ஓடியபின் மட்டும் அணைகிறதென்றால் சூடு. 100 பாகையை அண்டினால், கொம்பியூட்டரின் மூளையான பிராசசர் வேகத்தைக் குறைத்து, அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்ற அணைந்துவிடும். பிராசசருக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவிலுள்ள பசை காய்ந்திருக்கும். லப்டொப்பைக் கட்டிலில், தலையணையில் வைத்து ஒன்லைன் ரியூசன் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதேதான் நடக்கும். கீழே காற்றுப் போகும் துளைகள் அடைபட்டிருக்கும்.

5. ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஷட் டவுன் அல்ல

விண்டோஸ் 8இலிருந்து 'பாஸ்ட் ஸ்டார்டப்' என்று ஒன்று இருக்கிறது. அதனால் ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உள்பகுதி முழுதாக அணையாமல் டிஸ்கில் உறங்கப் போகிறது. காலையில் அதே உள்பகுதி, அதே கோளாறோடு எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். "மூன்று நாளா ஒவ்வொரு இரவும் நிப்பாட்டித்தான் வைக்கிறன்" என்பவர்களின் பிரச்சினை ஒரே ரீஸ்டார்ட்டில் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

6. ஸ்டொப் கோட் என்ன சொல்கிறது?

'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தால் ரேமைச் சோதியுங்கள். தேடும் பெட்டியில் 'விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்' என்று அடித்தால் ரீஸ்டார்ட் ஆகித் தானே சோதிக்கும். அதில் ஒன்றும் பிடிபடாமல் சந்தேகம் தொடர்ந்தால், மெம்டெஸ்ட் 86ஐ பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேம் ஆகாது.

'ஐஆர்கியூஎல் நொட் லெஸ் ஓர் ஈக்குவல்' என்ற நீண்ட பெயர் பெரும்பாலும் டிரைவர் பிரச்சினை, அதாவது ஒரு சாமானை விண்டோஸோடு பேச வைக்கும் சொப்ட்வெயாரின் பிரச்சினை. கூடவே பைல் பெயர் இருந்தால் துப்புக் கிடைத்துவிடும். என்வி என்று தொடங்கினால் அநேகமாக என்விடியா, ஆர்டி என்று தொடங்கினால் ரியல்டெக் சவுண்ட் அல்லது வைபை. 'வீடியோ டிடிஆர் பெயிலியர்' என்பது திரை டிரைவர். 'டபிள்யூஹெச்இஏ அன்கரெக்டபிள் எரர்' என்று வந்தால் அது வன்பொருளின் முறைப்பாடு: சூடு, பவர் சப்ளை, சிலவேளை பிராசசரே. இதற்குப் போர்மட் அடித்துப் பயனே இல்லை, அடித்த பிறகும் அதே திரை வரும். 'கிரிட்டிக்கல் புரொசஸ் டைட்' என்றால் விண்டோஸின் முக்கிய பைல் ஒன்று கெட்டிருக்கும், அல்லது டிஸ்க் இடைநடுவில் காணாமல் போயிருக்கும். 'அன்மவுண்டபிள் பூட் வொலியூம்' என்பது டிஸ்கின் போல்டர் ஒழுங்கு குழம்பியதைச் சொல்கிறது. கரண்ட் போய் வந்த மறுநாள் வரும் திரைகளில் இதுவும் ஒன்று. இந்த இரண்டுக்கும் டிஸ்கின் நலத்தைப் பார்த்துவிட்டு, விண்டோஸ் எழும்பினால் 8ஆம் படிக்கும், எழும்பாவிட்டால் 7ஆம் படியில் வரும் மீட்புத் திரைக்கும் போங்கள்.

7. சேப் மோட் என்ற பின்வாசல்

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கொம்பியூட்டர்கள் நீலத்திரையில் விழுந்தன. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போயின. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சொப்ட்வெயாருக்கு வந்த பழுதான அப்டேட் ஒன்றுதான் காரணம். அதைத் திருத்திய விதத்தைக் கவனியுங்கள். சேப் மோடில் எழுப்பி, அந்தச் சொப்ட்வெயாரின் போல்டரில் சி-00000291 என்று தொடங்கும் பைலை அழித்து, ரீஸ்டார்ட் செய்தார்கள். அவ்வளவுதான். அந்தக் கொம்பியூட்டர்களின் டிஸ்கும் சரி, விண்டோஸும் சரி, நன்றாகவே இருந்தன.

சேப் மோடில் விண்டோஸ் தனக்கு அவசியமான டிரைவர்களை மட்டும் வைத்து எழும்பும். போவதற்கு, ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைக் கிளிக் செய்யுங்கள். விண்டோஸே வராவிட்டால், ஓன் பண்ணி அடையாளம் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்தி அணையுங்கள். இப்படி மூன்று முறை செய்தால் அடுத்த தடவை மீட்புத் திரை தானாக வரும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', 'ஸ்டார்டப் செட்டிங்ஸ்', 'ரீஸ்டார்ட்' என்று போய், வரும் பட்டியலில் 4ஐ அழுத்துங்கள். இணையமும் வேண்டுமென்றால் 5.

சேப் மோடில் ஒழுங்காக ஓடுகிறதென்றால் பாதி விடை கிடைத்துவிட்டது: வன்பொருள் பெரும்பாலும் சரி, பின்னால் ஏற்றிய ஏதோ ஒன்றுதான் குழப்புகிறது. கடைசியாகப் போட்ட சொப்ட்வெயாரையும் டிரைவரையும் எடுத்துவிடுங்கள். அதே மீட்புத் திரையில் 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்' என்றும் 'சிஸ்டம் ரிஸ்டோர்' என்றும் இருக்கும். சிஸ்டம் ரிஸ்டோர் உங்கள் படங்களைத் தொடாது, அமைப்புகளையும் சொப்ட்வெயார்களையும் மட்டும் முந்திய நாளுக்குக் கொண்டுபோகும்.

8. விண்டோஸைக் கொண்டே விண்டோஸைத் திருத்துதல்

டிஸ்க் நலமாக இருக்கிறது என்று உறுதியானால் மட்டும் இதைச் செய்யுங்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து, 'டேர்மினல் அட்மின்' அல்லது 'பவர்ஷெல் அட்மின்' என்பதைத் திறவுங்கள். கட்டளைகளை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும், சிறிய எழுத்தே போதும். கேள்விக்குறி இருக்கும் விசையில் உள்ள சாய்கோட்டைப் பாவியுங்கள்.

முதலில் டிஐஎஸ்எம், இடைவெளி, சாய்கோடு ஒன்லைன், இடைவெளி, சாய்கோடு கிளீனப் சிறுகோடு இமேஜ், இடைவெளி, சாய்கோடு ரிஸ்டோர்ஹெல்த். சாய்கோட்டுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி விடக் கூடாது. இது நல்ல பைல்களை மைக்ரோசொப்ட்டிடமிருந்து இறக்கும், ஆகவே இணையம் வேண்டும். பாதியில் நின்றது போலத் தோன்றும், மூடிவிடாதீர்கள். அது முடிந்ததும் எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு ஸ்கேன்நவ். இது விண்டோஸின் ஒவ்வொரு பைலையும் பார்த்து, கெட்டதை மாற்றும். இரண்டையும் இந்த ஒழுங்கில் செய்வதற்குக் காரணம் உண்டு: எஸ்எஃப்சி எடுத்துப் போடும் நல்ல பிரதிகளின் களஞ்சியத்தையே முதலாவது கட்டளை திருத்துகிறது.

போல்டர் ஒழுங்குப் பிழைக்கு, 'திஸ் பிசி'யில் சி டிரைவில் வலது கிளிக், 'புரொப்பர்ட்டீஸ்', 'டூல்ஸ்', 'செக்'.

9. சொப்ட்வெயார் பிழைகள்

'எம்எஸ்விசிபி 140 டிஎல்எல் இல்லை', 'விசிரன்டைம் 140 இல்லை' என்று வந்தால் அந்த ஒரு பைலைத் தேடி ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்காதீர்கள். வைரஸ் வரும் நேரான பாதை அது. மைக்ரோசொப்ட்டின் தளத்தில் 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்று இருக்கிறது. 32 பிட், 64 பிட் இரண்டையும் போடுங்கள். சி000007பி என்று முடியும் பிழையும் பெரும்பாலும் இந்த இரண்டும் கலந்து குழம்பியதால் வருவதே.

அப்டேட் 80070070 என்ற எண்ணோடு நின்றால் டிஸ்கில் இடமில்லை, அவ்வளவுதான். டவுன்லோட்ஸ் போல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் முதலில் பாருங்கள். கலியாண வீடியோ மூன்று தடவை இறக்கிக் கிடக்கும்.

'டிவைஸ் மேனேஜர்' மஞ்சள் முக்கோணத்தோடு தரும் எண்களில் 28 என்றால் டிரைவரே இல்லை, 10 என்றால் டிரைவர் இருந்தும் சாமான் தொடங்கவில்லை. 43 என்றால் சாமான் தானே பழுது என்று சொல்லிவிட்டது. 43க்கு முதலில் வேறு துளையில் கொழுவிப் பாருங்கள்.

10. பிழை போலத் தோன்றினாலும் பிழையல்லாதவை

பாடசாலைச் சுற்றறிக்கையோ கோயில் நோட்டீசோ திறந்தால், தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வருகிறதா? வைரஸ் அல்ல. அது பாமினி எழுத்துருவில் அடித்த ஆவணம். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் இருக்கை மட்டும்தான் தெரியும். பாமினியைப் போட்டதும் தமிழ் வந்துவிடும். இதற்காக 'பைல் பழுது' என்று சொல்லி அழித்தவர்களைத் தெரியும், மனம் வேகும். இனி அடிப்பதை, எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள், பழையதை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு.

போட்டோகொப்பிக் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் எல்லாப் போல்டரும் சின்ன அம்புக்குறியோடு ஷோர்ட்கட்டாக மாறியிருந்தால், அது வைரஸ்தான், ஆனால் பைல்கள் போகவில்லை. அந்த அம்புக்குறிகளைக் கிளிக் செய்யாதீர்கள், வைரஸ் ஓடுவதே அதனால்தான். பைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். 'ஒப்ஷன்ஸ்' திறந்து, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் பைல்களை மறைக்கும் அடையாளத்தையும் எடுங்கள். பெரும்பாலும் பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் உங்கள் பைல்கள் முழுதும் இருக்கும். ஆவணங்களை மட்டும் வெளியே எடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டியால் ஸ்கான் பண்ணி, பிறகு பென் டிரைவைப் போர்மட் அடியுங்கள். இந்த இடத்தில் போர்மட் சரியான மருந்து.

எந்தத் தளத்துக்குப் போனாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வந்தால் வலது மூலையில் திகதியைப் பாருங்கள். திகதி பிழையென்றால் தளங்களின் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகத் தெரியும். கோப்பாய் அக்காவின் அதே நாணயப் பற்றரிதான்.

எப்போது புதிதாக விண்டோஸ் போடலாம்?

பிரதி எடுத்தாகிவிட்டது, டிஸ்கும் ரேமும் நலம், சேப் மோடும் கட்டளைகளும் தோற்றுவிட்டன, அல்லது வைரஸ் ஆழமாக இறங்கிவிட்டது. அப்போது போடலாம். அதிலும் முதலில் 'ரீசெட் திஸ் பிசி' என்பதில் 'கீப் மை பைல்ஸ்' என்பதை முயலுங்கள். சொப்ட்வெயார்கள் போகும், உங்கள் பைல்கள் நிற்கும். டிஸ்கை மாற்றத்தான் வேண்டுமென்றால் சுழலும் டிஸ்கை விட்டு எஸ்எஸ்டிக்குப் போங்கள். பழைய கொம்பியூட்டருக்கு அதைவிடப் பெறுமதியான செலவு எனக்குத் தெரியவில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துவிட்டதையும் கணக்கில் எடுங்கள். 'அக்டிவேட்டர்' என்று எவராவது கொடுக்கும் பைலை ஏற்றாதீர்கள். புது விண்டோஸோடு புது வைரஸையும் குடியேற்றுவதாக முடியலாம்.

கடைக்குக் கொண்டுபோவதென்றால் எங்கே போனாலும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள்: திரையின் படம் போனில் இருக்கிறது, எப்போதிருந்து, அதற்கு முன் என்ன மாறியது, எந்தப் போல்டர்கள் கட்டாயம் வேண்டும். கடைசி வரியாக, 'என்னைக் கேட்காமல் போர்மட் அடிக்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதுங்கள்.

அந்த அக்காவின் சிபியூவில், பக்கத் தகட்டின் உள்பக்கம், பற்றரி மாற்றிய மாதத்தையும் வருசத்தையும் மார்க்கரால் எழுதி மூடினேன். ஐந்து வருசத்தில் ஒருக்கா மாற்றச் சொன்னேன், மணிக்கூட்டுக் கடையிலும் வாங்கலாம். கலியாணப் படங்களை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துக் கையில் கொடுத்தேன். "இதை எங்க தம்பி வைக்கிறது?" என்று கேட்டார். காணி உறுதி இருக்கிற பெட்டியில், என்றேன்.